அடையாளமிட்ட வீடு

வருவதாக ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் பலாச் சக்கை வெட்டி வைத்திருப்பேன், டாக்டர். மே மாதத்தில் எங்கள் கிழக்குப்புறத்து வரிக்கைக்கு இந்தக் குன்னத்துகால் பஞ்சாயத்திலேயே ஈடு கிடையாது. பரவாயில்லை, சாயா குடியுங்கள். பாறசாலையில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோக்காரனிடம் சபை செக்ரட்டரி நேசமணி வீடு என்று கேட்டிருப்பீர்கள். அவன் எந்த நேசமணி என்று திருப்பிக் கேட்டிருக்க மாட்டான். அதைக் கவனித்தீர்களா? நீங்கள் கேட்க வந்திருப்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது.

உள்ளே இருமுவது என் பேத்தி ஷைனி. கோடைக்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மேசையில் இரண்டு தாள்களை வைத்திருக்கிறீர்கள். முதல் தாளை எனக்குத் தெரியும், என் கையெழுத்து. எங்கள் சபையின் முத்திரை அடியில் இருக்கிறது. காலஞ்சென்ற ஜிஜோவின் மனைவி பின்சி, வயது இருபத்தேழு, 1997 பிப்ரவரி 9 அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள், அடக்கப் பதிவு எண் 212. இரண்டாவது தாளும் எனக்குத் தெரிந்த கைதான். அதே பின்சி உங்களுக்கு மலையாளத்தில் எழுதிய கடிதம். அதன் தேதி அதே ஆண்டு ஆகஸ்ட் 20. பிப்ரவரியில் அடக்கம் செய்யப்பட்டவள் ஆகஸ்டில் எப்படிக் கடிதம் எழுதினாள் என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். நான் முப்பத்திரண்டு வருடம் சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் வேலை பார்த்தவன். நான் பதிந்த ஆதாரப் பத்திரம் ஒன்றைக்கூட எந்தக் கோர்ட்டும் தள்ளியதில்லை. தாளுக்குத் தாள் பதில் சொல்ல எனக்குப் பழக்கம் உண்டு.

ஆனால் முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். என் பாட்டனார் உபதேசியார். வெள்ளைக்கார மிஷனரிக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் அந்தக் காலத்தில் பலர் உண்டு. என் பாட்டனார் பக்கத்தில் நடந்தார். சபைக்கு இடம் கொடுத்தது எங்கள் குடும்பம். எங்கள் போதகருக்கு மூன்று சபைகள் இருப்பதால் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் இங்கே வருவார். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகளும் செக்ரட்டரியான என் அலமாரியில்தான் இருக்கும். வருடக் கடைசியில் அவர் வந்து மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார். இத்தனை வருடத்தில் ஒரு வரியை நிறுத்தி வாசித்ததில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. ஒழுக்கம் தவறியவர்களின் பெயரைத் திருவிருந்து ஞாயிறன்று ஆராதனையின் நடுவே வாசிப்போம். வாசிக்கப்பட்டவன் கிண்ணத்தைத் தொடக்கூடாது. பத்தொன்பது வருடத்தில் பதினான்கு பெயர்களை நான் வாசித்திருக்கிறேன். பதிமூன்றாவது பொன்னையன். பொழியூரில் அவனுக்கு இன்னொரு பெண் இருந்தாள். ஆராதனை முடிந்து எல்லாரும் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என்னை நிறுத்தினான்.

"செக்ரட்டரியே, நாளைக்கு உம்ம வீட்டுப் பேரு வந்தா இதே ஒச்சையில வாசிப்பீரா?"

"வாசிப்பேன்" என்றேன்.

"பாப்போம். அண்ணைக்கு உமக்குத் தொண்ட கட்டாம இருக்கணும்."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாசிப்பேன் என்று சொன்னது சபை கேட்கச் சொன்ன சொல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஜோ என் ஒரே மகன். பம்பாயில் குளிர்சாதன மெக்கானிக்காக இருந்தான். தொண்ணூறில் கலியாணம் செய்து வைத்தோம். மறுவருடம் ஷைனி பிறந்தாள். தொண்ணூற்று நாலில் அவன் திரும்பி வந்தபோது சட்டை ஆணியில் மாட்டியது போல அவன்மேல் தொங்கியது. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் என்னை மட்டும் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, ஒழுக்கம் தவறியவர்களுக்கு வருவதாகச் சொல்கிற அந்த நோயின் பெயரைச் சொன்னார். அடுத்த ஜனவரியில் அவன் இறந்தான். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் காமாலை என்று எழுதினேன். கண் மஞ்சளாகத்தான் இருந்தது, அதனால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அந்த வருடமே சபைக்குத் தேக்கில் ஒரு பிரசங்க பீடம் செய்து கொடுத்தோம். அதில் ஒரு பித்தளைத் தகடு. "தூய வாழ்வு முடித்து இருபத்தொன்பதாம் வயதில் கர்த்தரிடம் சேர்ந்த ஜிஜோவின் நினைவாக." தூய என்ற சொல்லை நான்தான் சேர்க்கச் சொன்னேன். போதகர் ஒவ்வொரு முறையும் அந்தத் தகட்டின் மேல் கைவைத்துத்தான் பிரசங்கிக்கிறார்.

பிறகு பின்சிக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வாயில் வெள்ளை படிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்தது. நான் கொடுமைக்காரனாக இருந்திருந்தால் அவளை அன்றே அவள் அம்மை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நான் விசாரித்தேன். உங்கள் மிஷன் ஆசுபத்திரியில் இந்த நோய்க்கு வார்டு உண்டு என்று தெரிந்தது. சொந்தச் சபையின் கடிதம் இருந்தால் இலவசமாகப் படுக்கை தருவார்கள் என்றும் தெரிந்தது. நற்சாட்சி பெற்ற அங்கத்தினர், சுகவீனமாக இருக்கிறார் என்று நானே எழுதி, முத்திரை வைத்து, தொண்ணூற்றாறு அக்டோபரில் என் மனைவி புஷ்பபாயையும் துணைக்கு அனுப்பினேன். அக்கம்பக்கத்தில் நெஞ்சுச்சளி என்று சொன்னோம். அந்த முதல் கடிதமும் உங்கள் கோப்பில் இருக்கும். அதையும் இந்த இரண்டோடு சேர்த்து வைத்திருக்கலாம். நீங்கள் வைக்கவில்லை.

நீங்கள் அவளை பரீட்சையில் இருந்த ஒரு புது மருந்துக்கான ஒன்பது பேரில் ஒருத்தியாக எடுத்துக்கொண்டீர்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தவள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நீங்கள் கொடுத்தனுப்பிய மலையாளக் குறிப்பை நானும் இரண்டு முறை வாசித்தேன். கிருமி ஓர் உயிரணுவுக்குள் புகுந்தால் அதன் வெளித்தோலில் ஓர் அடையாளம் தெரியும். அந்த அடையாளத்தை மட்டும் தேடிப் பிடிக்கிற எதிர்ப்பொருள் ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். அதன் முதுகில் விஷத்தைக் கட்டி அனுப்புகிறீர்கள். விஷம் ஆமணக்கு விதையிலிருந்து எடுத்தது. அதற்கு எந்த அணுவுக்குள்ளும் நுழைகிற ஒரு கை உண்டு, அந்தக் கையை முதலிலேயே வெட்டிவிடுகிறீர்கள். ஆகவே எதிர்ப்பொருள் கொண்டுபோய் விடுகிற இடத்தில் மட்டும் அது கொல்லும். பின்சி இதை என்னைவிட நன்றாகவே விளங்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, எகிப்துல சங்காரதூதன் வந்தாரில்லியா, ரத்தம் பூசின வாசல விட்டுட்டுப் போனாரு. இது நேரே மறிச்சாக்கும். அடையாளம் உள்ள வாசல்ல மட்டும் கேறும். மத்த வீட்டுக்காரன் ஒறங்கிட்டே கெடப்பான், ஒண்ணும் அறிய மாட்டான்."

அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நோயுள்ளதை மட்டும் தொடு, மற்றதை நிம்மதியாக விடு. ஒரு குடும்பத்தை நடத்துகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

வேலியோரம் ஓர் ஆமணக்கு நின்றது. அவள் தினமும் அதற்குத் தண்ணீர் விட ஆரம்பித்தாள். அம்மைக்க மருந்துச் செடி, அம்மாவின் மருந்து இதிலிருந்துதான் வருகிறது என்று ஷைனிக்குக் காட்டிக்கொடுத்தாள். குழந்தை போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லத் தொடங்கியதும் நான் அந்தச் செடியை வெட்டி எறிந்தேன். பின்சி மறுநாளும் குடத்தோடு வந்தாள். அடிக்கட்டைக்குத் தண்ணீர் விட்டாள். அது திரும்பத் தளிர்த்தது. இப்போதும் நிற்கிறது, நீங்கள் வரும்போது இடப்பக்கம் பார்த்திருப்பீர்கள்.

மருந்து வேலை செய்தது. இதை நான் மறுக்கவில்லை. வாய்ப்புண் ஆறியது. ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்று இரண்டரைக் கிலோ கூடியிருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டு வந்தாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட்டுக் குழுவில் நின்று பாடினாள். புத்தாண்டு கழிந்து ஒருநாள் மத்தியானம் எனக்குச் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"மாமா, ஆசுபத்திரியில ஒரு பொருத்தன பண்ணிட்டு வந்திருக்கேன். ரெண்டாவது மருந்தும் எடுத்துச் சுகம் கிட்டினா, ஈஸ்டருக்குச் சபையில எழும்பி நிண்ணு சாட்சி சொல்லுவேன்."

எங்கள் சபையில் அது வழக்கம்தான். சுகமானவர்கள் எழுந்து நின்று, இன்ன நோய் இருந்தது, கர்த்தர் சுகமாக்கினார் என்று சொல்லிக் காணிக்கை வைப்பார்கள்.

"சொல்லு மக்கா. நெஞ்சுச்சளி மாறிச்சுண்ணு சொன்னா போரும்" என்றேன்.

"நெஞ்சுச்சளி இல்லியே மாமா. உள்ள பேரச் சொல்லித்தான் சொல்லுவேன். பேர மாத்திச் சொன்னா அது சாட்சியா?"

புஷ்பபாய் கையிலிருந்த மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நான் நிதானமாகவே கேட்டேன், ஜிஜோவின் பெயர் என்னாகும் என்று.

"அவருக்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா இந்த ஊருல இருந்து இன்னும் எத்தன பயக்க பம்பாயிக்கு வண்டி ஏறுதானுவ. அவனுவளுக்கும் பெண்டாட்டி வருவா இல்லியா. பிறவு எனக்க மோளுக்கும் ரத்தம் பாக்கணும் மாமா. ஒளிச்சு ஒளிச்சு அதப் பாக்க முடியாது."

குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். அவள் கெட்ட பெண் இல்லை, டாக்டர். இதை எங்கும் யார் முன்பும் சொல்வேன். பிடிவாதம் உள்ளவள். எங்கள் குடும்பத்துக்கு அவளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

அன்று முழுவதும் யோசித்தேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். அவள் ஈஸ்டர் அன்று எழுந்து நின்றால் பித்தளைத் தகடு கழற்றப்படும். பதினைந்தாவது பெயராக ஜிஜோவின் பெயரை நான் வாசிக்க வேண்டும், அதே குரலில். பொன்னையன் முன்வரிசையில் வந்து உட்காருவான். என் பாட்டனார் கொடுத்த நிலத்தில் நின்றுகொண்டு, செத்துப்போன மகனைத் திருவிருந்திலிருந்து விலக்க வேண்டும். இதெல்லாம் அவள் நோயால் வரவில்லை. நோய் வாயைத் திறக்காது. ஜிஜோவை அது சத்தமில்லாமல்தான் கொண்டுபோயிற்று. சுகம்தான் வாயைத் திறக்கும். அவள் இறந்தால் எங்கள் பெயர் நிற்கும், பிழைத்தால் போகும். இந்தக் கணக்கை நான் உண்டாக்கவில்லை. அவளுடைய பொருத்தனைதான் அதை அப்படி ஆக்கியது.

ஜனவரி இருபத்தெட்டில் உங்கள் கடிதம் வந்தது. இந்தப் பக்கத்துத் தபால் பதினொரு மணிக்கு வரும். சைக்கிள் மணி கேட்டதும் பின்சி முற்றத்துக்கு ஓடினாள். கவரில் என் பெயர் இருந்ததால் தபால்காரன் என்னிடம் கொடுத்தான். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பின்சி பத்தாம் வகுப்பு மலையாளத்தில் படித்தவள். இந்த வீட்டில் ஆங்கிலக் கடிதங்களை நான் வாசித்துச் சொல்வதுதான் வழக்கம். பின்சியும் புஷ்பபாயும் என் முன் நின்றார்கள்.

நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனை நம்பிக்கை தருகிறது, பிப்ரவரி இருபதுக்குள் இரண்டாம் சுற்றுக்கு வர வேண்டும், சபையின் கடிதத்தைப் புதிதாக வாங்கிவர வேண்டும். நான் வாசித்தது வேறு. மருந்து எதிர்பார்த்த பலன் தரவில்லை, பரீட்சை நிறுத்தப்பட்டது, ஒத்துழைத்ததற்கு நன்றி. தடங்கல் இல்லாமல் வாசித்தேன். ஆபீசில் தினமும் ஆங்கில ஆதாரங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் பார்த்துச் சொல்லிப் பழகியவன்.

பின்சி பக்கத்தில் வந்தாள்.

"இதுல எனக்க பேரு எங்க இருக்கு மாமா?"

காட்டினேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை. அவள் அந்த ஐந்து எழுத்துகளின்மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு துணி துவைக்கப் போனாள்.

அத்துடன் விட்டிருந்தால் நீங்கள் மறுபடி எழுதியிருப்பீர்கள், ஆள் அனுப்பியிருப்பீர்கள். ஆகவே உங்களுக்குச் சபையிலிருந்து ஒரு முடிவான பதில் தேவைப்பட்டது. பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. பின்சி மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைத்திருந்தாள். சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்தெழுந்து, சாயங்காலம் அலமாரியைத் திறந்தேன். பதிவேட்டில் இல்லாத ஒன்றுக்கு நான் வாழ்நாளில் சான்று கொடுத்ததில்லை. அப்படிக் கொடுப்பது மோசடி. ஆகவே முதலில் அடக்கப் பதிவேட்டில் எழுதினேன். எண் 212. பெயர், வயது, கணவன் பெயர், தேதி. எங்கள் பதிவேடுகள் மிஷனரி காலத்திலிருந்து ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன.

அப்போது கரண்ட் போயிற்று. பின்சி மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்திக்கொண்டு வந்து பதிவேட்டின் ஓரத்தில் வைத்தாள். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"எனக்க பேரு" என்றாள். எழுத்தின் வடிவம் ஜனவரியிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"சபைப் புஸ்தகமாக்கும்" என்றேன்.

"எல்லாரும் உண்டா மாமா?"

"எல்லாரும் உண்டு."

அது பொய்யல்ல. அந்தப் புத்தகத்தில் ஒருநாள் எல்லாரும் உண்டுதான். அவள் விளக்கின் திரியைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டுப் போனாள். நான் காரணம் என்ற இடத்தில் நெஞ்சுச்சளி என்று எழுதி முடித்தேன். பிறகு சான்றை எழுதி முத்திரை வைத்து, திங்கட்கிழமை அமரவிளைக்குப் போய் ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தேன்.

உங்களிடமிருந்து ஓர் இரங்கல் கடிதம் வந்தது. நல்ல மனதோடு எழுதியிருந்தீர்கள். அன்று பின்சி முற்றத்தில் நல்லமிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

ஈஸ்டர் வந்தது. அவள் சபையில் எழவில்லை. மழை தொடங்கும்போது காய்ச்சல் திரும்ப வந்தது. நான் அவளைப் பட்டினி போடவில்லை, திட்டவில்லை, வைத்தியர் கஷாயம் வாங்கிக் கொடுத்தேன். அக்டோபர் பதினான்கில் இறந்தாள். சபை நிறைய ஆட்கள். ஜிஜோவுக்குப் பக்கத்திலேயே இடம். பாடலைத் தேர்ந்தெடுத்தது நான். வீட்டுக்கு வந்து வழக்கம்போலப் பதிவேட்டைத் திறந்தேன். எழுத ஒன்றும் மீதியிருக்கவில்லை. மூடி வைத்தேன். டிசம்பரில் போதகர் கையெழுத்துப் போட்டார்.

இருமலைக் கேட்டுத் திரும்ப வேண்டாம். புஷ்பபாய் அவளுக்குத் தேனில் குழைத்து ஏதாவது கொடுப்பாள்.

இப்போது உங்கள் மருந்தைப் பற்றி. சற்றுமுன் நீங்களே சொன்னீர்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் இன்று இல்லை. அந்த மருந்து ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை, ஈரலைக் கெடுக்கிறது. இரண்டாம் சுற்று அவளைப் பிழைக்க வைத்திருக்கும் என்று உங்களால் சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னீர்கள். நேர்மையான பேச்சு. அப்படியென்றால் நான் எதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன்? உறுதியில்லாத ஒன்றை. கோர்ட்டில் அது நிற்காது. அவளுக்கு எல்லாரையும்விட நன்றாகப் பலித்திருந்தது என்று பிறகு மெல்லச் சொன்னீர்கள். மெல்லச் சொன்னாலும் எனக்குக் கேட்டது.

இன்னொன்றும் சொன்னீர்கள். பலருக்கு அந்த மருந்து தோற்றதற்குக் காரணம் கிருமி அல்ல, அவர்கள் உடம்புதானாம். காக்க வந்ததை எதிரி என்று எண்ணி, அது போய்ச் சேருமுன் உடம்பே வழியில் மறித்து அழித்துவிடுகிறதாம். பின்சியின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பு அநேகமாக இல்லவே இல்லை என்றீர்கள். இதைச் சொல்லும்போது ஏன் என் முகத்தையே பார்த்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் உங்கள் மருந்தின் பக்கம் நின்றவன். அது செய்வதைத்தான் நானும் செய்தேன். அடையாளம் உள்ள ஒரு வாசலை மட்டும் பார்த்தேன். மற்ற வீடு தூங்கட்டும் என்று விட்டேன்.

அந்த இரண்டாவது தாளை இந்தப் பக்கம் தள்ளுங்கள். இதைத் தபாலில் சேர்த்தது பக்கத்து வீட்டு விஜயம்மா. சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகிறவள், எல்லை தாண்டிக் களியக்காவிளையில் போட்டிருக்கிறாள். முத்திரையைப் பார்த்தாலே தெரிகிறது. இங்கே போட்டால் என் கைக்கு வந்துவிடும் என்று பின்சிதான் சொல்லிக்கொடுத்திருப்பாள். உங்கள் ஆசுபத்திரியில் இறந்தவர்களின் கோப்போடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டார்கள், நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து போன வாரம்தான் பார்த்தீர்கள். ஒன்பது மாதம். அதற்கு நான் பொறுப்பல்ல.

நான் வாசிக்கிறேன். இம்முறை உள்ளபடியே வாசிக்கிறேன். "மருந்தை நிறுத்திவிட்டதாக மாமா சொன்னார். அதை நான் நம்பியதாகவே இருக்கட்டும். எனக்காக நீங்கள் வர வேண்டாம். என் மகள் ஷைனிக்கு ரத்தம் பார்க்க வேண்டும். இங்கே பார்க்க விடமாட்டார்கள். அவள் சிறியவள், மருந்து பிடிக்கும். டாக்டர் நேரில் வர வேண்டும்."

அவ்வளவுதான். என்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை பாருங்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். உபதேசியார் பேரன் நேசமணி, வயது அறுபத்தெட்டு, உயிரோடு இருந்த தன் மருமகளை இறந்தவள் என்று தெரிந்தே பதிந்தான். மருந்து அவளிடம் சேரக்கூடாது என்பதற்காகவே பதிந்தான். அவள் சுகமாகிவிடுவாளோ என்ற பயத்தில் பதிந்தான். யாரும் தூண்டவில்லை. இன்றைக்கு அதே ஜனவரி வந்தால் அதே கடிதத்தை அதே மாதிரி வாசிப்பேன். போலீசுக்குக் கொடுப்பதானால் கொடுங்கள். ஸ்டேஷனில் நாற்காலி போடுவார்கள். பித்தளைத் தகடு அதன் இடத்தில் இருக்கிறது. ஜிஜோவின் பெயரை யாரும் வாசிக்கவில்லை.

ஆனால் குழந்தையின் ரத்தத்தைத் தரமாட்டேன். அதைச் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி அவளுக்குக் கார்டியன் நான். ஊசி குத்தி என்ன பார்க்கப் போகிறீர்கள்? இந்த வீட்டில் இருந்த அடையாளம் அக்டோபரோடு போய்விட்டது. அவள் எங்கள் ரத்தம். எங்கள் ரத்தத்துக்குச் சான்று கொடுக்க வேறொருவர் வர வேண்டியதில்லை.

யாரது. புஷ்பபாயா. பிள்ளைக்கு எதற்குச் சபைக்குப் போகிற ஃபிராக்கும் ஷூவும் மாட்டியிருக்கிறாய். உள்ளே கொண்டுபோ.

"கொண்டு போறதுக்கில்ல" என்கிறாள். கேட்டீர்களா. முப்பத்தைந்து வருடத்தில் நான் சொன்ன ஒன்றைச் செய்யாமல் வாசலில் நிற்பது இதுதான் முதல் தடவை. என்னைத் தாண்டி உங்களைப் பார்த்துப் பேசுகிறாள்.

"டாக்டரே, பிள்ளைக்கு வாயில வெள்ள படிஞ்சிருக்கு. பின்சிக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு."

பால் குடித்த வாய், டாக்டர். பெண்கள் எதைக் கண்டாலும் எதையோ நினைத்துப் பயப்படுவார்கள். உங்கள் பையைத் திறக்க வேண்டாம். நீ இங்கே வா மக்கா, பாட்டாவிடம் வா. பாருங்கள், ஏழு வயதுக்கு எடை போதாது என்பீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் உடல்வாகு அது. இந்தக் கழுத்தெலும்பு, இந்தக் கண், சட்டை தோளில் நிற்காமல் நழுவுகிறது பாருங்கள், எல்லாம் அப்பனுக்கு உள்ளதுதான். சந்தேகமானால் சுவரில் இருக்கிற படத்தைப் பாருங்கள், கடைசி வருடம் எடுத்தது. ஜிஜோவும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தான்.